ராக்காயி அக்காவின் விரதம்

இயேசு மரி சூசை துணை

கொழும்பு ஆஸ்பத்திரி,
14.8.1962

வட்டவளை, ஐந்தாம் லயத்தில் இருக்கும் அன்புள்ள ராக்காயி அக்காவுக்கு, அடுத்த காம்பரா தெரேசா வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் சுகத்துக்கு உங்கள் மாரியம்மனையும் என் மாதாவையும் சேர்த்தே வேண்டிக்கொள்கிறேன்.

நாலு வருஷமாகப் பேசாதவள் கடிதம் எழுதுகிறாளே என்று மிரள வேண்டாம். இதை என் வீட்டுக்காரர் லியனார்ட் உங்களுக்கு வாசித்துக் காட்டுவார். நடுவில் எதையும் விழுங்காமல் வாசிக்க வேண்டும் என்று அவருக்கு உத்தரவு.

நேற்று ஜன்னல் வரை நடந்தேன். மூச்சு வாங்கவில்லை. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இருதயத்தின் ஒரு கதவை ஒட்டவைத்துவிட்டதாம். டாக்டர் அதை விரலால் பிரித்துவிட்டாராம். விரலால்தான், அக்கா! தையல் இழுக்கிறது, இருமினால் உயிர் போகிறது. மற்றபடி ஒரு குறையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தபோதுதான் என் வீட்டுக்காரர் முழுவதையும் சொன்னார். எனக்கு இரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்றதும் ஆண்டியப்பன் அண்ணன் முதல் எல்லாரும் பின்வாங்கினார்களாமே. "தேயிலக் காட்டுல அட்ட கேக்காமலே ரத்தம் குடிக்குது, சும்மாதானே இருக்கீங்க. நம்ம லயத்துப் புள்ள கேட்டா மட்டும் கசக்குதா?" என்று நீங்கள் போட்ட போட்டில் உங்களோடு ஆறு பேர் ரயில் ஏறினார்களாம். அதோடு விட்டீர்களா? நல்ல காரியத்துக்குப் போகிறோம் என்று எல்லாரையும் தலைக்குக் குளிக்க வைத்து, முதல் நாளிலிருந்தே பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதமும் இருக்க வைத்தீர்களாம்! இரத்தம் எடுக்கிற நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டு, "கன்ன, கன்ன" என்று சிங்களத்தில் அதட்டிச் சாப்பிட விரட்டினாராம். இதைக் கேட்டுச் சிரித்ததில் எனக்குத் தையல் பிடித்துக்கொண்டது. அந்தப் பாவமும் உங்களுக்குத்தான்.

நீங்கள் பாண் ரொட்டியும் பருப்பும் தின்று வருவதற்குள் ஆபரேஷன் முடிந்துவிட்டது. ஆனால் இரத்தம் நிற்கவில்லை. அட்டை கடித்த இடம் போல உள்ளுக்குள் கசிந்து, விலாவில் வைத்த குழாய் வழியே போத்தலில் இறங்கிக்கொண்டே இருந்ததாம். குளிரில் வைத்திருந்த இரத்தத்தை ஏற்றியும் உறையவில்லை. உடனே எடுத்த இரத்தம் வேண்டும், இல்லாவிட்டால் நெஞ்சை மறுபடி திறக்க வேண்டும், தாங்குவாளோ தெரியாது என்றாராம் டாக்டர். காலையிலேயே கொடுத்திருந்தால் எல்லாரும் பகல் ரயிலில் திரும்பியிருப்பீர்கள். விரதத்தால் தாமதித்து, சரியாக அந்த நேரத்தில் வாசலில் நின்றீர்கள். என் இரத்த வகையோடு சேர்ந்தது உங்களுடையதும் கூட வந்த வீரய்யாவுடையதும்தான். அது சூடு ஆறாமல் உள்ளே போகப் போகக் கசிவு நின்றது.

மீனம்மாவின் கைக்குழந்தைக்குப் பேதி நின்றதா? பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைக் கவனிக்கும் என் வேலையை யார் பார்க்கிறார்கள்? தொட்டில் சேலைகளை வெந்நீரில் அலசச் சொல்லுங்கள்.

அக்கா, தண்ணீர்ப் பீலியில் யார் முதலில் குடம் வைப்பது என்று நாம் போட்ட சண்டையில் நான் சொன்னது உங்களுக்கு மறந்திருக்காது. "இனிமே ஒங்க வீட்டுச் சொட்டுத் தண்ணிகூட என் ஒடம்புல சேராது" என்றேன். லயமே கேட்டது. அதனால்தான் இந்தக் கடிதத்தையும் வாசலில் நின்று சத்தமாக வாசிக்கச் சொல்லியிருக்கிறேன்.

மனதில் இருப்பதை எழுத எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டை வெட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள். வந்ததும் என் காம்பராவுக்குப் போகுமுன் உங்கள் வாசலில் நிற்பேன். ஒரு வாய் தண்ணீர் கேட்பேன். இல்லையென்று சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி
தெரேசா