கோர்சிக்காவில் நான் துப்பாத வைன்

அன்புள்ள அக்கா,

இந்த நேரத்தில் எழுதுவதற்குக் கோபிக்காதேங்கோ. மகள் இப்போதுதான் கண்ணயர்ந்தாள். செத்த ஆளுக்குக் கடிதம் எழுதுகிறாளே என்று நீங்கள் சிரிப்பீர்கள் என்பதும் தெரியும். வியாழக்கிழமை அவளைக் குழந்தை வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். அவளுடைய சுகாதாரப் புத்தகத்தைத் தேடிப் பழைய தோல்பையைக் கவிழ்த்தேன். புத்தகத்தோடு ஒரு வைன் தக்கையும் விழுந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். மூன்று வருஷம் கழிந்தும் அந்தப் புளிப்பு வாசம் போகவில்லை.

கந்தோரில் பக்கத்து மேசையிலிருந்து நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "நாலு நாள் கோன்ழே, லீவு போடு. உன் புருஷன் சோறாக்கிக்கட்டும். கோர்சிக்காவுக்குப் போறோம்." கடல் பார்க்கப் போகிறேன் என்றுதான் இவருக்குச் சொன்னேன்; வைன் ருசி பார்க்க என்று சொல்லவில்லை.

முதல் திராட்சைத் தோட்டம் ஒரு பள்ளிக்கூட முற்றம் அளவுதான். கொடிகளுக்குக் கீழே சரிவு, சரிவுக்குக் கீழே கடல். தோட்டக்காரக் கிழவர் தானே இரண்டு கிளாசில் ஒரு விரல் உயரத்துக்கு வைன் ஊற்றித் தந்தார். நீங்கள் சுழற்றி, மோந்து, வாயில் உருட்டி, பக்கத்து வாளிக்குள் நூல் பிடித்ததுபோலத் துப்பினீர்கள். நான் வாய் நிறைய வைத்துக்கொண்டு முழித்தேன். பிறகு விழுங்கினேன்.

"அந்த மனுசன் தன்ரை கையாலை வளர்த்த பழம். அவரின்ரை முகத்துக்கு முன்னாலை எப்பிடியக்கா துப்புறது?"

"அடி யாழ்ப்பாணம்! துப்பினாத்தான் அவருக்கு மரியாதை. நிதானமா ருசி பாக்குறோம்னு அர்த்தம். நீ இப்படியே விழுங்கு, சாயங்காலம் உன்னையும் ஒரு பெட்டியில போட்டுத்தான் ஏத்தணும்."

என்ன பேசுகிறோம் என்று அவர் கேட்க, நீங்கள் மொழிபெயர்த்தீர்கள். அவர் விழுந்து விழுந்து சிரித்து எனக்கு இன்னொரு தரம் ஊற்றினார். அதையும் விழுங்கினேன். அடுத்த தோட்டத்தில் ஒரு பெண் இனிப்பான வெள்ளை வைன் தந்தாள். மூன்றாவதில் துப்பிப் பார்த்தேன், என் சட்டையில்தான் விழுந்தது. நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

அன்றைக்கு மகள் என் வயிற்றில் இருந்தாள் அக்கா. எனக்குத் தெரியாது.

பிறகு மருத்துவிச்சியிடம் என்னோடு வந்ததும் நீங்கள்தான். இவருக்கு ரெஸ்டோரண்டில் வேலை. மது குடித்தீர்களா என்று அவள் கேட்டாள். "நோன்", இல்லை என்றேன். இவர் அறிந்தால், மாமி அறிந்தால் என்ற பயம். வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. லா ஷப்பலில் மெத்ரோ ரயில் படி இறங்கும்போதுதான் சொன்னீர்கள்: "அங்கயாவது துப்பியிருக்கலாம்ல."

இப்போது மகளுக்கு இரண்டரை வயது. ஒரு சொல் இல்லை. 'அம்மா' கூட இல்லை. ரூ பஜோல் தெருவில் கோயில் தேர் போனபோது மேளச் சத்தத்துக்கு எல்லாப் பிள்ளைகளும் கத்தின. இவள் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். "ரெண்டு பாஷை கேக்கிற பிள்ளை, சுணங்கித்தான் கதைக்கும்" என்கிறார் இவர். "உங்கை ஆரும் பிள்ளையோடை கதைக்கிறேல்லையோ?" என்று மாமி போனில் கேட்கிறா. நான் அவளுடைய உதடுகளைப் பார்த்தபடி இருக்கிறேன்.

அந்த வைன்தான் காரணம் என்று எனக்குத் தெரியாது. இல்லையென்றும் தெரியாது. ஆனால் மருத்துவிச்சி எழுதிய வைத்தியக் கோவையில் "இல்லை" என்று இருக்கிறது. என் பொய்யை நம்பி, தேட வேண்டிய இடத்தில் வைத்தியர் தேடாமல் விட்டால்?

எத்தனை மிடறு என்று கேட்பார். எண்ணிப் பார்க்கிறேன். ஒருதரம் நாலு மிடறு வருகிறது, இன்னொருதரம் ஒன்பது. பயப்படப் பயப்பட எண்ணிக்கை கூடுகிறது. எல்லாவற்றையும் நீங்கள் ஒரு கொப்பியில் குறித்தீர்கள். "யாழ்ப்பாணம் விழுங்கினாள்" என்று என் பெயரில் ஒரு வரிசைகூட வைத்திருந்தீர்கள். போன மாரியில் நீங்கள் போனபிறகு, உங்கள் உடுப்புகளோடு அதுவும் போய்விட்டது. என்னோடு நின்று பார்த்த ஒரே ஆள் நீங்கள்.

தக்கையை மேலங்கிப் பொக்கற்றுக்குள் போட்டு வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை இவரும் பக்கத்தில் இருப்பார். இவர் முகத்துக்கு முன்னாலேயே, வைத்தியர் கேட்க முதலே, உண்மையைத் துப்பிவிட வேண்டும். வாய் திறக்குமோ தெரியவில்லை.

எத்தனை என்று மட்டும் சொல்லுங்கோ அக்கா. வியாழனுக்கு முதல் பதில் போடுங்கோ.