மச்சானின் கைராசி

மச்சான்,

நாளைய விதைப்புக்காக இன்று காலை பக்கத்து வயலில் பலகை அடிக்கத் தொடங்கினார்கள். மாடுகள் இழுக்க, ஒருவன் பலகைமேல் ஏறி நின்று மண்ணை மட்டமாக்குகிறான். இரவு பெய்த மழை இன்னும் காயவில்லை. ஈரமண் நசிபடும் அந்த மணம் வந்ததும், "நிப்பாட்டடாப்பா" என்று கத்திவிட்டேன். அவன் என்னை ஒருமாதிரிப் பார்த்தான்.

கோப்பாய் வயல்வெளியில் விதைப்பென்றால் முதற்பிடி நெல் உன் கையால்தான் விழவேண்டும். உன் கைராசி அப்படி என்று ஊரே நம்பியது. நீ அதைப் பெரிதாகக் காட்டிக்கொள்வதில்லை. ஆனாலும் முழுகித் திருநீறு பூசிச் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு நீ வரப்பில் நடந்துவரும்போது ஒரு மிடுக்கு இருக்கும். என் தங்கை, உன் மனைவி, அதைச் சொல்லியே உன்னைப் பகிடி பண்ணுவாள்.

அந்த வருஷம் சண்டைக் காலம். கூப்பன் அரிசி நாலு நாளைக்குக் காணாது. எனக்கு அந்த வயல் விளைந்தேயாகவேண்டும். புழுதியாக உழுது வைத்திருந்தேன். விதைப்புக்கு முதல்நாள் மழை கொட்டிவிட்டது. நல்லநேரம் தப்பக்கூடாதென்று நீ வந்து முதற்பிடியைப் போட்டாய். பிறகு ஒரு பிடி மண்ணை எடுத்து அமத்திப் பார்த்தாய். அது உதிராமல் உருண்டையாக நின்றது.

"மிச்சத்தை ரெண்டு நாள் கழிச்சு விதை. உந்த ஈரத்திலை பலகை போட்டியெண்டால் மண் இறுகிப்போம்."

சொல்லிவிட்டு அளவெட்டியில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனாய். எனக்குப் பொறுமை ஏது? இன்னொரு மழை வந்தால் வேலை கெட்டுவிடும் என்ற பயம். மற்றவர்கள் மண் காயட்டும் என்று வீட்டிலிருக்க, அன்று பின்னேரமே முழுவதையும் விதைத்து, பலகைமேல் கல்லும் வைத்து நானும் ஏறி நின்று இரண்டுதரம் இழுத்தேன். சீமெந்து நிலம் மாதிரி வந்ததைப் பார்த்துப் பெருமைப்பட்டேன் என்பதையும் சொல்லவேண்டும். நீ திரும்பி வந்து கேட்டபோது, இரண்டு நாள் பொறுத்துத்தான் விதைத்தேன் என்றேன்.

அதன்பிறகு வெயில் எரித்தது. சுற்றிவர வயல்கள் பச்சையாக, என்னுடையது மொட்டையாகக் கிடந்தது. ஒரு விடியற்காலை மேல்மண்ணை ஒரு பாளமாகப் பெயர்த்துப் பார்த்தேன். உன் நெல் ஒன்றும் பழுதில்லை, மச்சான். எல்லாம் முளைத்திருந்தன. மேலே வர வழியில்லாமல் வெள்ளை வெள்ளையாக மடங்கிச் சுருண்டு கிடந்தன. அந்தப் பாளத்தைப் பழையபடி வைத்துக் காலால் மிதித்துவிட்டேன்.

என்ன நடந்தது என்று கேட்டவர்களுக்கு, "மச்சான்ரை கைராசி போயிட்டுது போலை" என்றேன். பகிடி மாதிரித்தான் சொன்னேன். அடுத்த வருஷம் ஒருவரும் உன்னை முதற்பிடிக்குக் கூப்பிடவில்லை. நீ முழுகிச் சால்வை கட்டிக்கொண்டு மத்தியானம்வரை வீட்டில் இருந்தாயாம். அந்த மாசியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இன்றைக்கு என்னால் தாங்க முடியவில்லை. நேரே தங்கையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுவாள், ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"அவருக்கு அப்பவே தெரியும், அண்ணை. உங்கடை வயலிலை மண்ணைக் கிளப்பி, முளையைக் கொண்டுவந்து எனக்குக் காட்டினவர். ஒருத்தருக்கும் சொல்லாதை, அவன் கூசிப்போவான் எண்டவர்."

அதற்குப் பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் என்னோடு சிரித்துக் கதைத்தாய், ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்டாய். உன் பெயர் கெட்டதைப் பார்த்துக்கொண்டே என் முகத்தைக் காப்பாற்றியிருக்கிறாய். அந்தச் சுமையோடுதான் இதை எழுதுகிறேன்.

நாளை விதைப்புக்கு வயல்வெளியில் எல்லோரும் கூடுவார்கள். முதற்பிடி விழமுன் அவர்கள் முன்னால் நின்று சொல்லப்போகிறேன். கூசினால் கூசட்டும், மச்சான்.