மாதா போகாத வீடு

ஒக்டோபர் 3, வெள்ளி

முன்பள்ளியில் இன்று பதினெட்டுப் பிள்ளைகள். இரண்டு பேருக்குச் சளி. வரும் வழியில் சைக்கிளுக்குக் காற்றுப் போய்விட்டது, உருட்டிக்கொண்டு வந்தேன்.

புது ஃபாதர் செபமாலை மாதத்துக்கு வீட்டு ஒழுங்கு எழுதிக் கோயில் கதவில் ஒட்டியிருக்கிறார். மாதா சுரூபம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாள் தங்கும். பின்னேரம் தெருவே அங்கே கூடிச் செபமாலை சொல்லும். முடிந்ததும் வீட்டுக்காரர் எழும்பி நின்று, நாளைக்கு மாதா யார் வீடு என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். மறுநாள் அவரே தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்கவும் வேண்டும். எங்கள் வீடு பதினேழாம் திகதி. பதினெட்டு – பக்கத்து வீட்டுப் புனிதம்.

ஃபாதருக்கு ஊர் தெரியாது, பாவம். வீடுகளை வரிசையாக எண்ணி எழுதிவிட்டார். எல்லோரும் நின்று வாசித்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இந்த ஊர் சத்தம் போட்டால் எனக்குப் பயமில்லை.

ஒக்டோபர் 5, ஞாயிறு

பூசையில் சமாதானம் சொல்லும்போது எல்லோரும் திரும்பித் திரும்பிக் கும்பிட்டோம். கடைசி வாங்கு வரிசையில் புனிதம் தனியே நின்றாள். அவள் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. நானும்தான்.

சிலாபத்தில் வளர்ந்தவள், சிங்களம் தெரியும். கலியாணம் கட்டி இங்கே வந்தாள். புருஷன் சண்டையில் செல் விழுந்து செத்தான். 2009இல் சண்டை முடிய நாங்கள் கும்பலாக வெளியே வந்து ஆமியின் கம்பி வேலிக்குள் நின்றபோது, ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தவள் அவள்தான். “இயக்கத்தில ஒரு நாள் இருந்தாலும் வந்து பதியுங்கோ. பதிஞ்சா விட்டுடுவினம்.” அப்படிப் பதியப் போனவர்களில் எங்கள் தெருவில் மட்டும் ஏழு பேர் இன்றுவரை வரவில்லை. என் தம்பி றொமேஸ் ஒருவன். வயது பத்தொன்பது. இயக்கம் பிடித்துக்கொண்டு போய்ப் பதினொரு நாள் வைத்திருந்தது. அந்தப் பதினொரு நாளுக்காகப் போனவன்.

அதன்பிறகு சிலாபத்தில் இருந்தவள் நாலு மாதத்துக்கு முன் புருஷனின் காணிக்கே திரும்பி வந்துவிட்டாள். எங்கள் வேலிக்கு அடுத்த பக்கம். ஊர் வைத்த பெயர் ‘ஸ்பீக்கர்’. அம்மா அந்தப் பெயரைக்கூடச் சொல்லமாட்டார். “அவளின்ர குரல்தான் என்ர பிள்ளையக் கொண்டு போனது” என்பார்.

அம்மாவுக்கு அவ்வளவுதான் தெரியும்.

ஒக்டோபர் 8, புதன்

புனிதத்தின் வாசல் படலையடியில் அழுகின மீன்தலைகள். இந்த மாதம் மூன்றாந்தரம். ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். தும்புத்தடியால் கூட்டி அள்ளி, முருங்கையடியில் கிடங்கு வெட்டிப் புதைத்தாள். ஏசவில்லை, அழவும் இல்லை. “முருங்கை நல்லாக் காய்க்கும்” என்றார் அம்மா. எனக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை எழுதத்தானே வேண்டும்.

ஒக்டோபர் 11, சனி

கடல் பெருத்திருக்கிறது. ஒருவரும் தொழிலுக்குப் போகவில்லை. ஆம்பிளைகள் மீனவர் சங்கக் கட்டடத்தடியில் நிற்கிறார்கள். நான் கடந்து போகும்போது கதை நிற்கிறது.

ஒக்டோபர் 13, திங்கள்

மரியநேசன் அண்ணை வந்தார். மீனவர் சங்கத் தலைவர். அவருடைய மூத்த மகனும் அந்த ஏழு பேரில் ஒருவன். கதிரை கொடுத்தும் இருக்கவில்லை.

“பிள்ளை, பதினேழாந் திகதி செபம் முடிய அவளின்ர பேரைச் சொல்லாதை. அதுக்கு அடுத்த வீட்டைச் சொல்லு.”

“ஃபாதர் எழுதினது அண்ணை.”

“ஃபாதர் மூண்டு வருசத்தில மாறிப் போயிடுவார். நாங்கள் இஞ்சதான் இருப்பம்.” படலைவரை போய்த் திரும்பினார். “பெடியள் கொதிச்சுக்கொண்டு நிக்கிறாங்கள். மாதா அங்க போனா அந்த வீடு நிக்காது. நான் மறிக்கவும் மாட்டன்.”

அம்மா உள்ளே இருந்து, “அவர் சொல்லுறது சரிதானே” என்றார்.

ஒக்டோபர் 15, புதன்

எனக்கு ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டால்? என் தலைப்பாரம் போய்விடும். அம்மா படுத்த நேரம் பார்த்து, வேலிப் பொட்டால் நுழைந்து போனேன். நாலு மாதத்தில் முதல்தரம்.

முற்றத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்ன சொல்ல வந்தேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“வேண்டாம் எண்டு என்ர வாயால சொல்லமாட்டன் பிள்ளை. என்ர வாயால போதுமான அளவு சொல்லிப்போட்டன். அண்டைக்கு துவக்கோட நிண்டவங்கள் எழுதித் தந்ததை வாசிச்சனான். நானும் நம்பித்தான் வாசிச்சனான்.”

எழும்பப் பார்த்தேன். அப்போது, நிமிராமலே சொன்னாள்: “உங்கட தம்பி மஞ்சள் சேட்டு போட்டிருந்தவர். பின்னுக்கு நிண்டவர். நீர் அவற்ற தோளில கை வைச்சு முன்னால அனுப்பினீர். நான் மைக்குக்குக் கிட்ட நிண்டு பாத்தனான்.”

பதினாறு வருசம். ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். அம்மா காலில் காயத்தோடு வேறு பக்கம் கிடந்தார். றொமேஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, “பயமா இருக்கக்கா, நான் போகேல்ல” என்றான். நான்தான்... நான்தான் அவன் காதுக்குள் சொன்னேன். போய்ப் பதியடா, பின்னேரம் விட்டுடுவாங்கள் எண்டு. நான்தான் தள்ளினனான்.

“ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்ல?” என்று கேட்டேன்.

“உமக்கு ஒரு தாய் இருக்கிறா. எனக்கு ஆர்? அந்தப் பழியை ஒருத்தி சுமந்தாப் போதும்.”

வெங்காயத்தில் கொஞ்சம் கடதாசியில் சுற்றித் தந்துவிட்டாள். நான் வாங்கிக்கொண்டும் வந்துவிட்டேன்.

ஒக்டோபர் 16, வியாழன்

மழையில்லை. ஆனால் அவளுடைய கிடுகு வேலி, தெருப் பக்கம் முழுக்க நனைந்திருக்கிறது. மண்ணெண்ணெய் மணக்கிறது.

அதற்குள் ஒரு மனுசி குசினியில் அடுப்பு மூட்டுகிறாள். புகை தெரிகிறது.

ஒக்டோபர் 17, வெள்ளி

மாதா வந்தார். வெள்ளை விரித்து, செவ்வரத்தம்பூ வைத்தோம். வீடு கொள்ளாத சனம். பெடியள் உள்ளே வரவில்லை, தெருவில் மோட்டார் சைக்கிள்களில் இருந்தார்கள். செபமாலையின் கடைசிப் பத்து மணியும் சொல்லி முடிந்தது.

எழும்பினேன். அவள் வீட்டை விட்டு அதற்கடுத்த வீட்டைச் சொல்வதென்றுதான் எழும்பினேன், பொய் எழுதவில்லை. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். ஒரு சொல் என் வாயால் வந்தால் அடுத்த பக்கம் ஒரு வேலி எரியும், அல்லது எரியாது. அன்றைக்கு மைக்கைப் பிடித்தவளுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா?

“நாளைக்கு மாதா புனிதமக்கா வீடு” என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் சேட்டு, தோள், காதுக்குள் சொன்னது. “அவா அறிவிச்சது எல்லாருக்கும். என்ர தம்பி போகமாட்டன் எண்டு நிண்டவன். அனுப்பினது நான்.”

மரியநேசன் அண்ணை எழும்பிப் போனார். செருப்பு எங்கள் வாசலிலேயே கிடந்தது. அவரும் மகனை அப்படித்தான் அனுப்பினாரோ? எத்தனை பேர் அனுப்பினோம்?

எல்லோரும் போன பிறகு அம்மா சொன்னார்: “அவள் ஸ்பீக்கரில சொன்னவள். நீ காதுக்குள்ள சொன்னனீ.” என் பக்கம் திரும்பவில்லை.

ஒக்டோபர் 18, சனி

மாதாவைத் தூக்கிக்கொண்டு போனேன். பின்னால் ஒருவரும் வரவில்லை. புனிதமக்காவின் படலைக்கு முன்னால் மரியநேசன் அண்ணை கதிரை போட்டு இருந்தார், வெறுங்காலோடு, தெருவைப் பார்த்துக்கொண்டு. பெடியள் தூர நின்றார்கள். நான் போக வழிவிட்டார்.

இரண்டே குரலில் செபமாலை சொன்னோம். முடிந்து வந்தபோதும் அவர் இருந்தார். வேலி எரியவில்லை. எண்ணெய் மணம் போகவும் இல்லை.

ஒக்டோபர் 21, செவ்வாய்

முன்பள்ளிக்கு ஏழு பிள்ளைகள்.

ஒக்டோபர் 22, புதன்

ஏழு இன்று நாலாகிவிட்டது. கடையில் எனக்குப் பின்னால் ஒருத்தி சொன்னாள், “தம்பியக் குடுத்தவள்.” அம்மா தானே தேத்தண்ணி வைத்துக் குடிக்கிறார். நான் வைத்துக் கொடுக்கும் கோப்பையைத் தொடுவதில்லை.

இனி எங்கள் படலைக்கும் மீன்தலை வரும். வரட்டும். ஆனால் அம்மா அதைக் காணக்கூடாது.

ஒக்டோபர் 27, திங்கள்

விடிந்ததும் முதலில் படலையைத்தான் பார்க்கிறேன். ஒன்றுமில்லை. ஆனால் மணம் இருக்கிறது. எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ?

ஒக்டோபர் 31, வெள்ளி

இன்றோடு மாதா கோயிலுக்குத் திரும்புகிறார். அதற்காக விடிய முன்னமே எழும்பிவிட்டேன். ஜன்னலடியில் அம்மா நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன், விலகவில்லை.

வெளியே புனிதமக்கா எங்கள் படலையைக் கூட்டிக்கொண்டிருந்தார். நிறையத் தலைகள். கடகத்தில் அள்ளி முருங்கையடிக்குக் கொண்டுபோனார். அங்கே புதுமண் நாலைந்து இடத்தில் குவிந்திருந்தது. திரும்பி வந்து தன் படலையைக் கூட்டத் தொடங்கினார்.

“ஒவ்வொரு நாளும் வாறா” என்றார் அம்மா. பதினாலு நாளுக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு.

பிறகு அம்மா, “தும்புத்தடி குசினிக்குப் பின்னால கிடக்கு” என்றார்.

எடுத்துக்கொண்டு போனேன்.