குதியில்லாத மேஸ்

வாப்பா,

மாரி தொடங்கிவிட்டது. போர்வை எடுக்க உங்கள் அலுமாரியைத் திறந்தேன். மேல்தட்டில் கிடந்த நீலக் கம்பளி நூலுருண்டையில் இன்னும் தைல வாசம் இருக்கிறது. விரல் மூட்டுகளில் தைலம் தேய்த்த கையோடு நீங்கள் பின்னியதால் நூலெல்லாம் அப்படித்தான் மணக்கும். கழுவினால் போய்விடும் என்பதால் இருந்த இடத்திலேயே வைத்தேன். மவுத்தாகி மண்ணுக்குள் போனவர்களோடு கதைக்கலாம் என்று நம்புகிறவள் அல்ல நான். அது உங்களுக்கும் தெரியும். ஆனாலும் சொல்வதற்கு ஒரு விஷயம் இருக்கிறது. உங்களைத் தவிர வேறு யாருக்கு அதைச் சொன்னாலும் பயனில்லை.

முழங்கால் வருத்தம் கூடி, நாவிதன்வெளி வட்டையில் வயல் பார்க்கப் போவதை நீங்கள் நிறுத்தியிருந்த நேரம் அது. விதைப்புக் காலத்தில் வீட்டிலிருந்து பழக்கமில்லாதவர் நீங்கள். வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தீர்கள். ஒருநாள் நான் பாடசாலைக்குப் படிப்பிக்கப் புறப்படும்போது கேட்டீர்கள்.

"பஸாருல கம்பளி நூல் இரிக்குமா?"

"என்னத்துக்கு வாப்பா?"

"மேஸ் பின்ன."

நம் ஊரில் மேஸ் என்றால் பிள்ளைகள் பள்ளிக்கூடச் சப்பாத்துக்குள் போடும் காலுறைதான். கம்பளியில் போட்டால் இந்த வெக்கைக்குக் கால் அவிந்துவிடும். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. நாம் இருவரும் அப்படித்தான்.

நமக்குத் தெரிந்த ஒரே குளிர் நாடு தங்கச்சி ஷிபானா இருக்கும் நாடு. நம் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு கட்டிக் கொடுப்பார்கள். என் வீட்டில் நீங்கள் என்னோடு இருந்தீர்கள். அடுத்த வளவில் தங்கச்சிக்கென்று ஒன்றைக் கட்டி, நிறமும் அடித்து, மாப்பிள்ளையும் பேசி வைத்திருந்தீர்கள். தாதி வேலைக்குப் போன இடத்தில் அவள் தானே ஒருவரைத் தெரிவு செய்து நிக்காஹ் முடித்தாள். நீங்கள் சத்தம் போடவில்லை. அந்த வீட்டைப் பூட்டினீர்கள், அவளோடு கதைப்பதை விட்டீர்கள்.

வெள்ளிக்கிழமைகளில் அவள் எனக்கு எடுப்பாள். முடிவில் ஒவ்வொரு முறையும், "வாப்பாக்கு ஸலாம் சொல்லுங்க ராத்தா" என்பாள். நான் வந்து சொல்லுவேன். "வஅலைக்குமுஸ்ஸலாம்" என்பீர்கள். ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை. அதை நீங்கள் ஒருநாளும் தவறவிட்டதில்லை. அதற்குமேல் ஒரு சொல் வராது. அவளுக்குப் பெண் குழந்தை பிறந்ததைச் சொன்னபோது "அல்ஹம்துலில்லாஹ்" என்றீர்கள். பெயரைக் கேட்கவில்லை. குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டது என்று சொன்னபோது எதுவுமே சொல்லவில்லை. நூல் கேட்டது அதற்குப் பிறகுதான்.

என் தொலைபேசியில் காணொளி பார்த்துப் பழகினீர்கள். "அந்த வெள்ளைக்காரி என்ன கதைக்காளெண்டு ஒண்டும் விளங்கல்ல. கைய மட்டும் பார்க்கிறன்" என்றீர்கள். இரண்டு கண்ணி முன்பக்கம், இரண்டு கண்ணி பின்பக்கம். வரி வரியாக ஒரு சிறிய துண்டு வளரும். அகலம் ஒரு பக்கம் குறைந்தால் உருவிவிட்டு மறுபடி தொடங்குவீர்கள். உங்களை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் கூட்டாளி, கரைவலைக்கார ஆதம்பாவா காக்கா, அதைக் கண்டுவிட்டார்.

"என்ன காக்கா இது, பொம்புளயல்ற வேல?"

"நீ வலை பின்னினா ஆம்புள வேல. நான் மேஸ் பின்னினா பொம்புள வேலயாடா?"

"வலையில மீன் படும். இதுல என்ன படும்?"

நீங்கள் குனிந்து கண்ணி எண்ணிக்கொண்டிருந்தீர்கள்.

துண்டை மடித்து, பக்கத்தைத் தைத்து, ஒரு முனையில் நூலைக் கோத்துப் பையின் வாயைப்போல இறுக்கிக் கட்டினீர்கள். மற்ற முனை திறந்திருந்தது. நான் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். முன்னும் பின்னும் ஒரே மாதிரி, குதிகாலுக்கு வளைவில்லாத ஒரு குழாய்.

"குதி எங்க வாப்பா? மேஸுக்குக் குதி இரிக்கணுமே."

"குதி வெக்கிறெண்டா கால்ட அளவு தெரியணும். எனக்குத் தெரியா. குதி இல்லாட்டி எந்தக் காலுக்கும் போகும். புள்ள வளந்தாலும் போகும்."

அளவு கேட்க ஒரு அழைப்புப் போதும். நானே கேட்டுச் சொல்லியிருப்பேன். ஆனால் அப்படிக் கேட்டால் நீங்கள் கேட்டதாகிவிடும். கேட்காமலே பின்னக்கூடிய ஒரு மேஸை நீங்கள் தேடிக் கண்டுபிடித்திருந்தீர்கள். இந்தப் பிடிவாதத்தைக் கண்டு எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிக்க முடியவில்லை.

அந்த நாட்டுக்குப் போகவிருந்த உறவுக்காரப் பிள்ளையிடம் பொதியைக் கொடுத்தோம். உள்ளே ஒரு வரிகூட எழுதி வைக்க நீங்கள் விடவில்லை. "ஒண்டும் எழுதாத. சாமான் போனாப் போதும்."

பிறகு வந்த வெள்ளியில், ஜும்ஆ முடிந்து நாம் சோறு தின்றுகொண்டிருந்தபோது வீடியோ அழைப்பு வந்தது. ஷிபானா என்னிடம் சுகம் விசாரிக்கவில்லை. "ராத்தா, வாப்பாக்கிட்டப் போனக் குடுங்க" என்றாள். நீங்கள் கையை நீட்டவில்லை. நான் தொலைபேசியைத் தண்ணீர்க் குவளையில் சாய்த்து உங்கள் முன்னால் வைத்தேன்.

திரையில் குழந்தை. இரண்டு கைகளிலும் முழங்கை வரைக்கும் உங்கள் நீல மேஸ். அதோடு ஏதோ பெரிய வேலைக்குப் போகிறவள்போல நிமிர்ந்து நின்றாள்.

"வாப்பா," என்றாள் ஷிபானா, "இது கைக்கா, காலுக்கா?"

நீங்கள் சோற்றுக் கையோடு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அழைப்பைத் துண்டிக்கச் சொல்வீர்கள் என்று நினைத்தேன்.

"காலுக்கு," என்றீர்கள். பிறகு திரைப்பக்கம் குனிந்து, "காலுக்குத்தான் மகள். அதக் கழட்டு. புள்ளக்குக் கை வேர்க்கும்."

"எப்பிடிப் போடுற? குதியக் காணல்லயே."

"எந்தப் பக்கமெண்டாலும் போடலாம். இறுக்கிக் கட்டின பக்கம் விரலுக்கு. புள்ளட காலக் காட்டு பார்ப்பம்."

குழந்தையைத் தூக்கி அவள் காலைக் காட்டினாள். திரை முழுவதும் ஒரு உள்ளங்கால். நீங்கள் இடக்கை விரலை அதன்மேல் வைத்து அளந்தீர்கள். "இது மெய்யான அளவில்ல வாப்பா, போன்ல பெரிசாத் தெரியும்" என்றேன். "தெரியும்" என்றீர்கள். விரலை எடுக்கவில்லை.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் என் தொலைபேசிக்கு வந்தாலும் அழைப்பு எனக்கில்லை. நேராக உங்களுக்குத்தான். எத்தனை வரி, எந்த நிறம், அங்கே பனி எவ்வளவு, அவள் புருஷன் நம் சோறு தின்பாரா என்று ஒவ்வொன்றாக வந்தது. அடுத்த வளவு வீட்டைத் திறந்து கூட்டச் சொன்னீர்கள். வருகிறோம் என்று அவளும் சொன்னாள். ஆனால் உங்கள் ஹயாத்து அதுவரை இருக்கவில்லை. ஜனாஸாவைக் காத்து வைப்பது நம் வழக்கமில்லை. அவள் விமானம் ஏறுவதற்கு முன்பே உங்களை அடக்கிவிட்டோம்.

சென்ற விடுமுறையில் அவள் வந்தாள். நீங்கள் கட்டிப் பூட்டிய வீட்டில்தான் தங்கினாள், அவளுடைய வீட்டில். குழந்தை வெறுங்காலோடு மணலில் ஓடியது. மேஸைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். இங்கே அதற்கு வேலையில்லை. நான் நெடுநாள் சந்தேகத்தைக் கேட்டேன்.

"மெய்யாச் சொல்லு. உனக்கு அது மேஸெண்டு தெரியாதா?"

ஷிபானா என்னைப் பார்த்த பார்வையில் உங்கள் சாயல் இருந்தது.

"ராத்தா, நான் சின்னப் புள்ளயல்ற வாட்டுல வேல செய்யிறவள். குதியில்லாத மேஸ் எத்தின கண்டிருப்பன்."

"பிறகு ஏன் கேட்ட?"

"ஸலாம் சொன்னா வாப்பா பதில் சொல்லியே ஆகணும். கடமைக்கு வாற பதில் எனக்கு வேணாம். ஒண்டு தெரியாதெண்டு கேட்டா அவரால சொல்லித் தராம இரிக்க ஏலாது. அதான் புள்ளட கைக்குப் போட்டுட்டு எடுத்தன்."

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது வாப்பா. அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள். உங்களுக்கும் அது தெரிந்திருந்ததா? தாதி வேலை செய்கிற மகளுக்கு மேஸ் தெரியாது என்று நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. அந்த "காலுக்கு" வர எடுத்த நேரத்தில் எல்லாவற்றையும் யோசித்துத்தான் சொன்னீர்களோ என்றும் தோன்றுகிறது. கேட்க இனி வழியில்லை. அத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தேன். தெரிந்ததைக் கேட்பது வீண் பேச்சு என்று நினைத்தே உங்களிடம் எத்தனையோ கேட்காமல் இருந்தேன்.

நேற்று, உங்களோடு வட்டையில் தண்ணீர் காவல் இருந்த வரிப்பத்தான்சேனை ஊர்க் காக்கா இந்தப் பக்கமாக வந்தவர், வாசலில் நின்று ஸலாம் சொன்னார். வழமையாகப் பதில் சொல்லித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவேன். நேற்று, "வாய்க்கால் உடைச்ச அண்டைக்கு வாப்பா என்ன செஞ்ச காக்கா?" என்று கேட்டேன். அந்தக் கதையை நீங்கள் சொல்லியே நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர் சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு வந்து கதிரையில் இருந்தார். அவர் சொன்னதில் வெள்ளம் பெரிதாகியிருந்தது, நீங்கள் இன்னும் இளமையாக இருந்தீர்கள், பாதி பொய். நான் எதையும் திருத்தவில்லை. அவர் கோப்பையைக் கீழே வைத்து எழும்பப் பார்த்தபோது,

"பிறகு?" என்று கேட்டேன்.