கடைசி அத்தியாயத்துக்கு முன்

அன்புள்ள அக்காவுக்கு,

செவ்வாய்க்கிழமை நீ போனில் விசாரித்தபோது, "உடனே புறப்பட்டு வா" என்று நான் சொல்லவில்லை. ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டு அம்மா பக்கத்திலேயே படுத்திருந்தாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள் என்று மட்டும் சொன்னேன். பிறகு வெளியே வந்து உன்னைக் கூப்பிட்டேன். மணி அடித்ததும் வைத்துவிட்டேன். எனக்கு எழுதத்தான் வரும்.

அன்று காலையில் டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்துச் சொன்னார். புற்று கல்லீரல் முழுக்கப் பரவிவிட்டதாம். இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதானாம். ஏன் வந்தது என்று கேட்டேன். "சிலருக்கு வரும்மா, காரணம்னு எதையும் சொல்ல முடியாது" என்றார். நல்ல மனிதர்தான். இருந்தும் அவர்மேல் கோபம் வந்தது.

உள்ளே போனதும் டாக்டர் என்ன சொன்னார் என்று அம்மா கேட்டாள். மருந்தை மாற்றுகிறார்களாம் என்றேன். சலவைக் கடையில் சட்டைக் கறையை வைத்தே வாடிக்கையாளர் வீட்டுச் சண்டையைச் சொல்கிறவளிடம் போய் இப்படி ஒரு பொய். கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "முகம் கழுவிட்டு வந்திருக்க. கேக்காமலே ஆரஞ்சு உரிச்சுக் குடுக்குற. உனக்குக் கையில்லையான்னு கேக்குறவதானே நீ? மாட்டிக்கிட்டடி" என்று சிரித்தாள். நான் அழப்போவதைப் பார்த்துக் கையைத் தூக்கித் தடுத்தாள். "கண்டுபிடிச்சவங்க வாயத் தொறக்கக் கூடாது. பெரியவ வரட்டும்."

நம் வீட்டுச் சட்டத்தை நோய்க்கும் போட்டுவிட்டாள், பார். துப்பறியும் கதை என்றால் கடைசி அத்தியாயத்துக்கு முன் புத்தகத்தை மூடவேண்டும், மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து அவரவர் சந்தேகத்தைச் சொல்லவேண்டும், அதன் பிறகுதான் மீதியைப் படிக்கலாம். ஒருமுறை நீ பாதியிலேயே வக்கீல்தான் கொலைகாரன் என்று உளறிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாயே.

கரப்பான்பூச்சியைக்கூட அடிக்காதவள் எப்படிக் கொலைக் கதைகளாகப் படித்துத் தள்ளுகிறாள் என்று நாம் கேலி செய்வோம். இப்போது கொஞ்சம் புரிகிறது. அந்தப் பழைய கதைகளில் யாரும் சும்மா சாவதில்லை. செத்தவர் எவ்வளவு பொல்லாதவராக இருந்தாலும், ஒருவர் வந்து கைக்குட்டை, காலடித் தடம் என்று ஒன்றையும் விடாமல் விசாரிக்கிறார். எல்லாரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, இதனால்தான் இது நடந்தது என்று சொல்லிவிடுகிறார். அதன்பின் மற்றவர்கள் தூங்கப் போகலாம். அம்மாவுக்குப் பிடித்தது அந்த அறைதான் என்று நினைக்கிறேன்.

மாடிப்படியில் விழுந்து செத்த பணக்காரரின் கதையை அவளுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. மூடச் சொல்லிவிட்டாள். "அவ வந்து தப்பா ஒருத்தரச் சொல்லணும், நான் சிரிக்கணும்" என்கிறாள். குரல் மிகவும் இறங்கிவிட்டது. காதை அருகில் கொண்டுபோனால்தான் கேட்கிறது.

அடுத்த மாதம் டிக்கெட் என்றாய். அடுத்த மாதம் வேண்டாம், அக்கா. லீவு கொடுக்காவிட்டாலும் வா. சும்மாதான் வந்தேன் என்று அவளிடம் சொல். நம்பமாட்டாள், பரவாயில்லை. அவளுக்கு நாம் மூன்று பேரும் ஓர் அறையில் இருக்கவேண்டும். எனக்கும்தான்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
தங்கை

வெள்ளிக்கிழமை: அம்மா இன்று விடியற்காலையில் இறந்துவிட்டாள். உனக்குப் போனில் சொல்லியாயிற்று. இந்தக் கடிதத்தையும் அனுப்புகிறேன்.