பாதி மருந்து, மீதி ரவை

மே 14, வியாழன். மழை.

யாரும் நம்பமாட்டாத ஒரு கதையை இக்கொப்பியில் எழுதப்போவதாக இத்தால் சத்தியம் செய்கிறேன். சாட்சி: ஆறிப்போன தேநீர்.

குரோய்டனுக்கு அப்பால் எங்கள் துப்பாக்கி சுடும் கிளப். பழைய பாணி ரிவோல்வர். உருளையின் ஆறு குண்டறைகளிலும் வெடிக்கும் கருமருந்து கொட்டி, ஈயக்குண்டு அமுக்கிச் சுட வேண்டும். கோடைப் போட்டி அணியில் ஓர் இடம்தான் மீதி. நானா, ஜஸ்ரினா? சனிக்கிழமை தேர்வு.

ஜஸ்ரின், மனைவி ரெஜினாவின் தம்பி. பாரிஸிலிருந்து வந்தவனைக் கிளப்புக்குக் கூட்டிப்போன சக்கரவர்த்தி நானே. இப்போது இலக்கு அட்டையில் அவனுடைய ஆறு ஓட்டைகளையும் ஒரு பிஸ்கட்டால் மூடலாம். என்னுடையவற்றை மூடக் குரோய்டன் முழுவதும் வேண்டும்.

ரிவோல்வரின் உதைப்பில் மணிக்கட்டு நோ. ஆகவே இன்று பரிசோதனை: மருந்து பாதி, மீதி வெற்றிடத்துக்கு ரவை. கிளப்பின் வெள்ளைக்காரக் கிழவர்களும் செய்வதுதான். பூனை தும்மியது போல் சத்தம். ஆனால் ஆறும் உள்ளங்கை அகலத்துக்குள்! இலக்கு அட்டை எழுந்து வணங்கியது.

ஜஸ்ரின்: "என்ன அத்தான், சுட்டனீங்களோ? குண்டைக் கெஞ்சி அனுப்பின மாதிரிக் கிடக்கு."

சிரித்தேன். வயிறு எரிந்த சூட்டில் நாங்கள் இருக்கும் தோர்ண்டன் ஹீத் முழுவதற்கும் தேநீர் போட்டிருக்கலாம்.

மே 15, வெள்ளி. மந்தாரம்.

குண்டு எண்ணல். ரிவோல்வர் கழுவல். குப்பைத் தொட்டி வெளியே. ரவை.

பொதியில் ரவை இல்லை. அடுப்பருகே சட்டி நிறைய இருந்தது. ஞாயிறு கோயில் விருந்துக்கு லட்டுப் பிடிக்க ரெஜினா வைத்தது. அவள் போனில் ஜஸ்ரினிடம்: "தம்பி, நாளைக்கு வடிவாச் சாப்பிட்டிட்டுப் போ. நீதான் வெல்லுவாய். நான் மன்றாடுறன்."

முப்பது வருடக் கணவனுக்கு அரை மன்றாட்டும் இல்லை. கோபத்தில் ஒரு பிடி அள்ளினேன். நாளைய ஆறு சூடுகளுக்கும் அளந்து வைக்கச் சிறு பிளாஸ்டிக் குழாய்கள் ஆறு: கீழே மருந்து, மேலே ரவை. மூடியாயிற்று.

மே 16, சனி. வெயில்.

என் முறை. டிக். டிக். டிக். தீப்பொறி தரும் சிறு கேப் மட்டும் வெடித்தது; மருந்து பற்றவில்லை. இங்கிலாந்தின் சகல புறாக்களும் சிரித்தன.

சுடுகளத்து ரேஞ்ச் அதிகாரி நிறுத்தினார். நான் காலி செய்த குழாயொன்றை எடுத்து மணந்து, இது காலை உணவா என்றார். ஏலக்காய். நெய். ரெஜினா வறுத்து வைத்த ரவை! இரவு முழுக்க நெய் கசிந்து மருந்தை ஊறவைத்துவிட்டது. வேறு மருந்து இருந்தால் திரும்பச் சுடலாம் என்றார். என்னிடம் இல்லை.

பிறகு நடந்ததை எழுத மனமில்லை. அணியில் ஜஸ்ரின்.

மே 17, ஞாயிறு. காற்று.

பூசை முடிந்து கோயில் மண்டபம். என்ன நடந்ததென்று எல்லோரும் கேட்டார்கள். சொன்னேன்: புயல் அடித்தது, நரியொன்று என் மருந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது, ஜஸ்ரின் தன் ஆறு குழாய்களையும் என்னிடம் நீட்டினான், அரசனைப் போல் மறுத்தேன்.

புயலையும் நரியையும் பொறுத்துக்கொண்ட பாடகர் குழு இளைஞன் அதற்குமேல் தாங்கவில்லை. "விடுங்கோ அண்ணை! போட்டிக்கு நிக்கிறவன் தன்ரை மருந்தைத் தாறவனோ? புளுகுக்கும் ஒரு அளவு வேணும்!"

மண்டபமே சிரித்தது. ஜஸ்ரின் என் தட்டில் லட்டு வைத்தான். ரெஜினா அவனைப் பார்த்தாள், பிறகு என்னை. நானும் சேர்ந்து சிரித்தேன்.

புயல் பொய். நரி பொய். அரசன் பெரும் பொய். பொறாமையில் வாங்க என் கை நீளவில்லை. ஜஸ்ரின் தன் மருந்தை நீட்டியது மட்டும் உண்மை.