நான் போடாத லிங்க்

என் தங்க மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், உன் தம்பிக்குச் சளி பிடித்திருந்தது, இப்போது தேவலை. நீ சுகமாக இருக்கிறாய் என்று அப்பா சொல்கிறார், ஆனால் அவர் பேச்சை இப்போதைக்கு நான் நம்புவதாக இல்லை, ஏன் என்று படித்தால் தெரியும். போனில் கேட்டால் சிக்னல் இல்லை என்று நழுவிவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வாரம் பின் தெரு நர்ஸ் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தாள். உள்ளே பொம்மை மாதிரி ஒரு பிளாஸ்டிக் தையல் மிஷின். “உங்க பிளாக்ல நல்லதுன்னு போட்டிருந்தீங்களேக்கா, அதான் வாங்கினேன். ஜீன்ஸ் துணிய வெச்சா ஊசியே வளையுது” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மிஷினை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நான் எழுத நீ ஏற்ற என்று நாம் இருவரும் ஆரம்பித்த பிளாக், தையல் மிஷின் கோளாறும் அதற்கு வழியும் தவிர அதில் வேறு பேச்சே கிடையாது. கமிஷன் லிங்க் நாமும் வைத்தோம், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் நான் என் கையால் உபயோகித்துப் பார்த்த ஊசிக்கும் கத்தரிக்கும் எண்ணெய்க்கும் மட்டும்தானே, அதுவும் இதில் வாங்கினால் எங்களுக்குச் சிறு கமிஷன் வரும் என்று மேலேயே சொல்லிவிட்டு.

அவளை உட்காரவைத்து பிளாக்கைத் திறந்தேன். அவள் தேடி வந்தது நூல் ஏன் அறுகிறது என்ற கட்டுரைக்கு. ஊசியைத் திருப்பி மாட்டியிருந்தால் நூல் அறும் என்று எழுதிய இடத்தில், ஊசி மாட்டும் முறை பற்றிய நம் இன்னொரு கட்டுரைக்கு லிங்க் வைத்திருந்தேன் இல்லையா, படிக்கிறவளுக்கு அடுத்து என்ன சந்தேகம் வரும் என்று யோசித்து யோசித்து வைத்தது, அதைத் தொட்டால் ‘வாங்க வேண்டிய ஐந்து மிஷின்கள்’ என்று ஒரு பக்கம் வருகிறது. பாபின், டென்ஷன் திருகு, எண்ணெய், எதைத் தொட்டாலும் அதே பக்கம். எந்த முகவரி சொன்னாலும் தனக்குக் கமிஷன் தருகிற கடை வாசலிலேயே இறக்கிவிடுகிற ஆட்டோக்காரர் மாதிரி. நூல் அறுகிறது என்று வந்தவளுக்குப் புது மிஷின் எதற்கு? அவள் வீட்டுக்குப் போய்ப் பழைய மிஷினைப் பார்த்தேன், ஊசி திருப்பித்தான் மாட்டியிருந்தது. சரியாக மாட்டினேன், ஓடியது. அவள் சிரிக்கவில்லை. “இத முதல்லயே எழுதியிருக்கலாமேக்கா” என்றாள். எழுதியிருந்தேனடி. அங்கே போகிற வழியைத்தான் யாரோ அடைத்துவிட்டார்கள்.

முதலில் உன்மேல்தான் சந்தேகம். அப்புறம் மாப்பிள்ளைமேல், லிங்க்கை இன்னும் கொஞ்சம் கூட்டலாமே அத்தை என்று ஒரு தடவை சொன்னாரே. தம்பியிடம் பாஸ்வேர்ட் பற்றிக் கேட்டேன், முழித்தான், அவன் எதைக் கேட்டாலும் முழிப்பான். நானே லிங்க்குகளை ஒவ்வொன்றாகப் பழையபடி மாற்றினேன், மறுநாள் பார்த்தால் திரும்ப அந்தக் கடைப் பக்கம். திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான் என்று அப்போதுதான் உறைத்தது. மத்தியானம் அப்பா கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார், நான் போனதும் படக்கென்று திரையை மாற்றினார். என்ன பார்க்கிறீர்கள் என்றேன், செய்தி என்றார். செய்தியில் என் தையல் மிஷின் படம் எப்படி வரும்? ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றத் தெரியாத மனுஷன், வீடியோ பார்த்துப் பார்த்து லிங்க் போடக் கற்றிருக்கிறார்! நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, “பிள்ளை கஷ்டப்படறா. இதுல நாலு காசு வந்தா ஒரு நடை வந்துட்டுப் போவாளேன்னு பார்த்தேன்” என்றார். கஷ்டம் என்று யார் சொன்னது, என்ன கஷ்டம் என்றேன். காயாத துணியை எடுக்க மாடிக்குப் போய்விட்டார்.

அந்த ஐந்து மிஷின் பக்கத்தை எடுத்துவிட்டேன், லிங்க்கெல்லாம் அதனதன் இடத்துக்குப் போய்விட்டது, நடந்ததைச் சொல்லி மன்னிப்பும் எழுதிவிட்டேன். நர்ஸ் கொடுத்த விலையை அப்பாவையே கொடுக்க வைத்து அந்தப் பொம்மை மிஷினை நாமே எடுத்துக்கொண்டோம், தைத்துப் பார்த்து உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். நீ பாஸ்வேர்டை மாற்றி எனக்கு மட்டும் சொல். அப்பாவைத் திட்டாதே, இரண்டு நாளாக என்னிடம் பூனை மாதிரிதான் நடந்துகொள்கிறார்.

ஆனால் என் சந்தேகம் இன்னும் தீரவில்லை. என்னிடம் பேசும்போதெல்லாம் வேலை நன்றாகப் போகிறது என்கிறாய். அவரிடம் என்ன சொன்னாய்? முன்பெல்லாம் ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில்தான் கூப்பிடுவாய், இப்போது எந்த நேரம் கூப்பிட்டாலும் எடுக்கிறாய், பின்னால் ஒரு சத்தமும் இல்லை. வேலை இருக்கிறதா, போய்விட்டதா? போயிருந்தால் சொல். டிக்கெட்டுக்கு நான் பார்த்துக்கொள்கிறேன், உன் அறையில் துணி கட்டிங் எல்லாம் பரப்பி வைத்திருக்கிறேன், அதை ஒதுக்க எனக்கு அரை நாள் போதும்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நல்லா இருக்கணும். வேளைக்குச் சாப்பிடு. பதிலை எனக்கு எழுது, அப்பாவுக்கு இல்லை.

உன் பதிலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா